பெயர் பொறிக்காத சிலை
சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வாழ்வும் பொதுவெளிப் பணிகளும்

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையோரம், புலிமான்கோம்பை என்றோர் ஊர் உண்டு. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று அவற்றை மதிப்பிடுகின்றனர். அவற்றுள் ஒன்று, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்தது. கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் அவன் மாண்டான் எனப் படித்துள்ளனர். அக்கூடலூர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகவே இருக்கலாம் என்பாரும் உளர். அந்தவன் அரசன் அல்லன், புலவன் அல்லன், ஆநிரை காரணமாக நடந்த சண்டையில் விழுந்த ஓர் ஊர்க்காரன். அவன் கல்லில் உருவம் இல்லை, பெயர் இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயரை நாம் உச்சரிக்க முடிகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு நினைவுச் சின்னம் சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. அதில் உருவங்கள் நான்கு. பெயர் ஒன்றுகூட இல்லை. உழைப்பாளர் சிலை என்று நாம் வழங்கும் அவ்வெண்கலத் தொகுதியைச் செய்த சிற்பியைப் பற்றி நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. ‘தேனிக்கும் வங்கச் சிற்பிக்கும் என்ன உறவு?’ என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு உரிய விடை இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் உள்ளது, பொறுத்தருள்க.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899ஆம் ஆண்டில், இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் பிறந்தார். ஜமீன் குடும்பம். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார்; ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பம் கற்றார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் ஆகியவற்றில் தோய்ந்தவர். வங்க மொழியில் கதைகளும் எழுதியவர். மனித உடலின் தசை எங்கே இறுகும், எங்கே தளரும் என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். மற்களத்தில் தம் உடம்பிலேயே அறிந்தவர். பின்னாளில் அவர் வடித்த உருவங்களைக் காணும்போது இச்செய்தி நினைவில் இருப்பது நல்லது.

1929இல் அவர் சென்னை அரசு கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் அந்நிறுவனம், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. நாற்காலி, மட்பாண்டம், உலோகப் பாத்திரம், துணி அச்சு என்று கைத்தொழிலே அங்குப் பெரிதாக இருந்தது. ஈ. பி. ஹேவல் என்னும் ஆங்கிலேயர் 1884 முதல் சில ஆண்டுகள் அதன் தலைவராக இருந்து, பின்னர்க் கல்கத்தாவுக்கு மாறினார்; அங்கே அவனீந்திரநாதருடன் சேர்ந்து, மேனாட்டு ஓவியத்தைப் படியெடுப்பதைக் கைவிட்டு இந்திய மரபை நாடவேண்டும் என்று ஓர் இயக்கத்தையே எழுப்பினார். ஹேவல் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார். அவனீந்திரநாதரின் மாணவர் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்தார். வந்தவர் குருவின் மென்மையான நீர்வண்ணப் பாணியை மட்டும் சுமந்து வரவில்லை. ஓவியத்தில் வங்க மரபினராகத் தொடங்கிய ராய் சௌத்ரி, சிற்பத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் வழியையே பின்பற்றினார். மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். விரல் அழுத்திய தடம் வெண்கலத்திலும் தெரியும். உடல் அசைவின் நடுவே பிடிக்கப்பட்டிருக்கும்.

அவர் சென்னைக்கு வந்த காலத்தில் இந்நகரில் சிலை என்றாலே வெள்ளையர் சிலைதான். சான்ட்ரீ வடித்து 1839இல் நிறுவப்பெற்ற மன்றோவின் குதிரைச் சிலை இன்றும் தீவுத்திடலருகே நிற்கிறது. அங்கவடி இல்லாத குதிரை என்று சுட்டிக்காட்டிச் சிரிப்பது சென்னைவாசிகளின் வழக்கம். மன்றோவை மக்கள் வெறுக்கவில்லை. 1857இல் கொடுமைகள் புரிந்த நீல் துரைக்கு மவுண்ட் ரோட்டில் இருந்த சிலையைத்தான் பொறுக்கவில்லை. 1927இல் நீல் சிலை சத்தியாக்கிரகம் மூண்டது. இளைஞர் காமராசர் அதில் முனைந்து நின்றவர்களுள் ஒருவர். 1937இல் இராஜாஜி அமைச்சரவை வந்தபின் அச்சிலை அகற்றப்பெற்று அருங்காட்சியகம் சேர்ந்தது. எந்தச் சிலை நிற்க வேண்டும், எது நிற்கக் கூடாது என்பது அரசியல் வினாவாகிவிட்ட நகரில்தான் ராய் சௌத்ரி தம் தொழிலைத் தொடங்கினார் என்பது நோக்கத்தக்கது.

பெரிய மனிதர்களின் உருவங்களை வடிப்பதே அக்காலச் சிற்பிக்குப் பிழைப்பு. அவரும் வடித்தார், பல வடித்தார். கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜி, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் சிலைகள் அவர் கைவண்ணம். 1937இல் பிரித்தானிய அரசு அவருக்கு எம்.பி.ஈ. பட்டம் அளித்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். கூடலூர், கம்பம் மக்களுக்குத் திருவிதாங்கூர் என்பது மலைக்கு அந்தப்பக்கம். குமுளி தாண்டினால் வேற்று அரசு. அங்கே காலங்காலமாகக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் உள்ளே நுழைந்த அந்நிகழ்ச்சியையும் ராய் சௌத்ரி சிற்பமாக்கினார். மன்னரின் பெருந்தன்மைக்கு எடுத்த நினைவு என்று அதைச் சொல்லிவிடலாம். ஆயினும் அவர் கவனம் தனி மனிதரிடமிருந்து கூட்டத்தின்பால் திரும்பிய தொடக்கம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தது 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். அவர் பிறந்த மண்ணில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பசியால் வாடியவர்களை அவர் சிற்பத்தில் வடித்தார். சாலைபோடும் தொழிலாளரை வடித்தார். குளிரில் ஒடுங்கிய முதுமையை வடித்தார். ஐரோப்பாவில் இவ்வழியில் முன்பே நடந்தவர்கள் உண்டு. பெல்ஜியத்துச் சிற்பி கான்ஸ்டான்டின் மோனியே நிலக்கரிச் சுரங்கத்தாரையும் துறைமுகச் சுமையாட்களையும் உருவாக்கினார். அவர் 1905இல் மறைய, அவருடைய உழைப்பு நினைவுச்சின்னம் 1930இல்தான் பிரசல்ஸில் நிறுவப்பெற்றது. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் பசித்த குழந்தைகளை அச்சோவியங்களாகத் தீட்டியவர். 1914இல் போரில் இறந்த தம் மகனின் நினைவாக, மண்டியிட்டுக் கிடக்கும் தாயும் தந்தையுமாக இரு கருங்கல் உருவங்களை 1932இல் பெல்ஜியத்துப் போர்வீரர் மயானத்தில் அவர் வைத்தார். மகனின் உருவம் அங்கே இல்லை. துயரம் மட்டுமே இருக்கிறது. நம் நாட்டில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் சாந்திநிகேதனில் சிமெண்டும் செம்புரைக் கல்லும் கலந்து சந்தால் குடும்பத்தைச் செய்தார். பிழைப்புத் தேடி மூட்டை முடிச்சோடு நடக்கும் ஆணும் பெண்ணும், கூடவே நாயும். சிலையாக நிற்கும் தகுதி எவர்க்கு உண்டு என்ற வினா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல நாடுகளில் ஒருங்கே எழுந்தது; சென்னையில் அதை எழுப்பியவர் ராய் சௌத்ரி.

அவருடைய வேலைமுறையைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். நம் ஸ்தபதிகள் சுவாமிமலையில் தெய்வத் திருமேனி வார்க்கும்போது சாஸ்திரம் சொல்லும் தாள அளவே அடிப்படை. மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல்மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். கருவைக் கண்டு செய்வதில்லை. தியான சுலோகம் சொல்வதைச் செய்வர். ராய் சௌத்ரியின் முறை வேறு. முதலில் ஆள் வேண்டும். ஆளை எதிரே நிறுத்தி, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணை அப்பி உருவத்தை எழுப்புவர். களிமண் காயாமல் ஈரத்துணி போர்த்தி, நாட்கணக்கில், மாதக்கணக்கில் திருத்துவர். பின் அதன்மேல் பாரிஸ் சாந்தால் அச்செடுத்து, அவ்வச்சிலிருந்து சாந்துப் பிரதி ஒன்றை வார்த்து, அதைக் கொண்டே வெண்கல வார்ப்புக்குப் போவர். பேருருவமாயின் துண்டு துண்டாக வார்த்து ஒட்டுவர். முதல் மண் உருவம் இதற்குள் அழிந்து போயிருக்கும். அதில் சிற்பி வைத்த கைத்தடம் மட்டும் உலோகத்தில் தங்கும்.

உழைப்பாளர் சிலைக்குக் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரியாக நின்றனர் என்று சொல்வர். நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். இடையில் சிறுதுணி, கையில் நெம்புகோல். ஒருவர் உடல் வில்லாக வளைந்திருக்கிறது. மற்றொருவர் முழுப் பாரத்தையும் கோலின்மேல் இறக்குகிறார். ஆங்கிலத்தில் இதற்கு ‘உழைப்பின் வெற்றி’ என்னும் பொருளில் பெயர் வைத்திருக்கின்றனர். சிலையை அருகில் நின்று பார்த்தவர்க்கு ஓர் ஐயம் எழும். வெற்றி எங்கே இருக்கிறது? பாறை இன்னும் பெயரவில்லை. அடுத்த கணம் பெயருமா, நால்வரும் மூச்சு வாங்கிக் கீழே உட்காருவார்களா என்பதை வெண்கலம் சொல்லவில்லை. முயற்சியின் உச்சத்தில், முடிவு தெரிவதற்கு ஒரு நொடி முன்பாக, சிற்பி நிறுத்திவிட்டார். ‘உழைப்பாளர் சிலை’ என்று மக்கள் சுருக்கமாக இட்ட தமிழ்ப் பெயரே அதற்கு ஏற்றது என்பது என் துணிபு. முகங்களும் அவ்வாறே. இன்னார் என்று அடையாளம் சொல்ல இடமில்லை. முகத்தைவிட முதுகும் தோளும் கெண்டைக்காலும் அங்கே பேசுகின்றன. இதன் மற்றொரு வார்ப்பு புதுதில்லி தேசிய நவீன ஓவியக்கூட வளாகத்தில் உள்ளது.

1959 ஜனவரி 25, குடியரசு நாளுக்கு முந்தைய நாள், இச்சிலை மெரினாவில் நிறுவப்பெற்றது. இடம் பொருத்தமானதே. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நகரம் இது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரும் திரு.வி.க.வும் நடத்திய போராட்டங்கள் நாடறிந்தவை. 1923 மே முதல் நாளன்று, இந்தியாவில் முதன்முறையாக, சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இக்கடற்கரையில்தான்: உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டம். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவரும் ஔவையும் கம்பரும் கண்ணகியும் வரிசையாக மெரினாவுக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே பாறை பெயர்க்கும் நால்வர் அங்கு வந்துவிட்டனர். (கண்ணகிக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் கோட்டம் வைத்துக்கொண்டிருக்கும் நாம், அவளுக்கு முன்பே இந்நால்வர் மெரினாவில் நின்றதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்வோம்.) அதே 1959இல் அவர் வடித்த காந்தியடிகள் சிலையும் மெரினாவில் எழுந்தது. கோலூன்றி நடக்கும் காந்தி. நடப்பவரையும் இழுப்பவரையும் தள்ளுபவரையும் அவர் விரும்பிய அளவுக்கு உட்கார்ந்திருப்பவரை விரும்பியதாகத் தெரியவில்லை.

கல்கத்தாவிலும் அவர் செய்த காந்தி நடக்கிறார். அதற்கு இடம் கிடைத்த விதம் சுவையானது. சௌரங்கியில் பார்க் தெரு முனையில், 1857இல் போரிட்ட அவுட்ரம் என்னும் படைத்தலைவர் குதிரைமேல் திரும்பிப் பார்த்தபடி பன்னெடுங்காலம் வீற்றிருந்தார். அவரை விக்டோரியா நினைவகத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, 1958இல் அவ்விடத்தில் காந்தியை நிறுத்தினர். குதிரைவீரர் போய்க் கால்நடைக்காரர் வந்தார். பின்னர் நிலத்தடி இரயில் பணிக்காகக் காந்தியும் அங்கிருந்து வேறிடம் பெயர நேர்ந்தது என்பது வேறு கதை.

பாட்னாவில் உள்ள தியாகிகள் நினைவகத்தையும் சொல்லியாக வேண்டும். 1942 ஆகஸ்டு 11 அன்று தலைமைச் செயலகத்தில் மூவண்ணக் கொடி ஏற்ற முயன்ற மாணவர் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த எழுவரையும் ராய் சௌத்ரி வெண்கலத்தில் நிறுத்தினார். 1956இல் இராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். ஒருவர் விழ, மற்றவர் தாங்க, முன்னவர் கொடியோடு பாய்வதாக அமைந்தது. படங்களில் பார்த்த அளவில், உணர்ச்சி சற்று மிகைப்பட்டு நாடக மேடையை நினைவூட்டுகிறது என்று சொன்னால் கலை அறிஞர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். மெரினாவின் நால்வரிடம் அம்மிகை இல்லை. பாறை கனமானது என்பதொன்றே அவர்களுடைய உணர்ச்சி.

புதுதில்லியில் உள்ள பதினொரு மூர்த்தி அவருடைய கடைசிப் பெரும்பணி. காந்தியடிகள் முன்செல்லப் பத்துப் பேர் பின்தொடரும் தண்டி யாத்திரை. 1975 அக்டோபரில் அவர் மறைந்தபோது பணி முடிந்திருக்கவில்லை. பின்னரே அது நிறைவெய்தி நிறுவப்பெற்றது. தில்லிக்குப் போகாத தேனி மாவட்டத்தாரும் இச்சிற்பத்தைக் கண்டிருக்கின்றனர். அறிந்து கண்டவர் சிலரே. 2016 நவம்பரில் செல்லாதது என்று அறிவிக்கப்பெற்ற பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த படம் அதுதான். ஏலக்காய் விற்ற பணத்திலும் திராட்சை விற்ற பணத்திலும் ராய் சௌத்ரியின் சிற்பத்தை எண்ணி எண்ணி மடித்து வைத்தவர்கள் நாம். நாணயத்திலும் பதக்கத்திலும் உருவம் பொறிக்கும் கலைஞரை மேனாட்டில் தனி மரபினராகப் போற்றுவர். நம் சிற்பி அத்தொழிலில் புகாமலேயே எல்லார் மடியிலும் புகுந்துவிட்டார்.

ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் சென்னையில் ஆசிரியராக இருந்து 1957இல் ஓய்வுபெற்றார். 1954இல் லலித் கலா அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவர், 1958இல் பத்மபூஷண், 1962இல் அகாதெமியின் ஃபெலோ. விருதுகள் இவ்வளவில் நிற்க. ஆசிரியராக அவர் விட்டுச் சென்றது பெரிது. கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால், பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். மாணவர்கள் அவர் வழியிலேயே போகவில்லை என்பதுதான் சிறப்பு. அவருக்குப்பின் கல்லூரித் தலைவரான பணிக்கர் 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவி, உடற்கூற்று இயல்பு வழியைக் கடந்து கோடுகளுக்கும் குறியீடுகளுக்கும் போனார். தனபால் பெரியாரின் தலையை வடித்தபோது தசையைக் குறைத்து, வடிவத்தைத் திரட்டி, நாட்டுப்புறச் சுடுமண்ணின் இறுக்கத்தைக் கொண்டுவந்தார். அடுத்த தலைமுறையின் கண்ணில் ராய் சௌத்ரி பழையவராகிப் போனார். கலை வரலாற்று நூல்களிலும் அவருக்கு இரண்டாம் வரிசையே கிடைத்திருக்கிறது. அத்தீர்ப்பை எதிர்த்து வாதிட நான் தகுதியுடையேன் அல்லேன். ஆனால் அரங்கில் இருக்கும் சிற்பத்தைக் கலைஞர்கள் மதிப்பிடுகின்றனர். தெருவில் நிற்கும் சிற்பத்தை நாள்தோறும் அவ்வழிப் போவோர் மதிப்பிடுகின்றனர். மெரினாவுக்குப் போன எந்த ஊர்க்காரரும் அந்நால்வர் என்ன செய்கின்றனர் என்று பிறரைக் கேட்டதில்லை.

இனி நண்பரின் வினாவுக்கு வருகிறேன்.

உழைப்பாளர் சிலை நிறுவப்பெறுவதற்கு நான்கு நாட்கள் முன்பு, 1959 ஜனவரி 21 அன்று, நம் வைகை அணை திறக்கப்பெற்றது. அப்போது தேனி மாவட்டம் இல்லை. மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தோம். முதலமைச்சர் காமராசர். 111 அடி உயர அணை. 71 அடி நீர் தேக்கலாம். அங்கும் ஆயிரக்கணக்கானோர் பாறையைப் பெயர்த்திருக்கின்றனர். கடப்பாரையும் கூடையும் அங்கேயும் இருந்தன. ஒரே வாரத்தில் அரசு இங்கே அணையைத் திறந்தது. சென்னையில் அணை கட்டும் கைகளுக்குச் சிலை வைத்தது. இதை யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள்.

அதற்கு முந்தைய அணையை எண்ணிப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டியது. மேற்கே ஓடி வீணாகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்புவது என்ற பழைய எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலைத் தொடக்கம். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இடையில் இருந்த எட்டு ஆண்டுகளை ஓரிரு வரியில் சொல்லிவிட முடியாது. காடு, யானை, அட்டை, மலைக்காய்ச்சல், வாந்திபேதி. தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. அணைக்கு வேண்டிய சுண்ணாம்புக் கல் நம் பள்ளத்தாக்கின் குருவனூத்துப் பக்கத்திலிருந்து வெட்டப்பெற்று மலைமேல் ஏறியது. இரும்புக் கயிற்றுப் பாதையில் ஒரு பகுதி, வண்டியில் ஒரு பகுதி, தலையில் ஒரு பகுதி. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்த காரையை மிதித்தவர்கள், கல்லை அடுக்கியவர்கள், மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டியவர்கள் எல்லாரும் கூலிக்காரர்கள். நோயால் மட்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அணையருகே ஆங்கிலேயர் கல்லறைகள் உள்ளன. மற்றவர்கள் காட்டோடு போயினர்.

கர்னல் ஜான் பென்னிகுயிக் மீது நம் மக்களுக்கு உள்ள பக்தியை நான் குறைத்துச் சொல்லவரவில்லை. 1841 ஜனவரி 15 அன்று பிறந்த அவருக்கு அந்நாளில் பொங்கலிடும் ஊர்கள் நம்முடையவை. பூசையறையில் அவர் படம் வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். இங்கிலாந்தில் இருந்த சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று சொல்லப்படும் கதையை வரலாற்றாசிரியர்கள் ஐயுறுகின்றனர். அக்கதை பொய்யாயினும் அவர் உழைப்பு மெய். மதுரையில் அவருக்குச் சிலை உண்டு. 2013 ஜனவரியில் லோயர் கேம்பில் மணிமண்டபம் திறக்கப்பெற்று அங்கும் வெண்கலத்தில் நிற்கிறார். 2022இல் அவர் கடைசிக்காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்தின் கேம்பர்லியிலும் தமிழ்நாட்டரசு சிலை வைத்தது. வரைந்தவருக்கு மூன்று சிலை. சுமந்தவருக்கு?

சிலை வேண்டும் என்று நான் கோரப்போவதில்லை. கோரினால் எந்த முச்சந்தியில், யார் தலைமையில் என்று அடுத்த பத்தாண்டு பேச்சு நடக்கும். மேலும் ராய் சௌத்ரி செய்ததை மறுபடி செய்யத் தேவையில்லை. உருவத்தை அவர் கொடுத்துவிட்டார். லோயர் கேம்பில் காரை சுமந்தவனும் மெரினாவில் பாறை நெம்புபவனும் ஓர் உடம்புதான். அவர் கொடுக்காதது பெயர். கொடுத்திருக்கவும் முடியாது. அதைத் தரவேண்டியவர்கள், புலிமான்கோம்பையில் தீயன் அந்தவனுக்குக் கல் நட்டவர்களைப் போல, அந்தந்த ஊர்க்காரர்களே.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஊர்களில் ‘எங்கள் பாட்டன் பெரியாற்று வேலைக்குப் போனவர்’ என்று சொல்லும் முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். நம் வட்டத்தின் உறுப்பினர்கள் ஆளுக்கு ஓர் ஊராகச் சென்று, அவர்கள் நினைவில் உள்ள பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதிவைக்கவேண்டும் என்று முன்மொழிகிறேன். பெயர், ஊர், என்ன வேலை, திரும்பினாரா இல்லையா: இவ்வளவு போதும். பதினோராம் ஆண்டுக் கூட்டத்துக்குள் நூறு பெயராவது சேரும் என்பது என் கணக்கு.

அப்பேரேட்டில் என் வீட்டிலிருந்தும் ஒரு பதிவு இருக்கவேண்டும். என் தாய்வழிப் பாட்டியாரின் பாட்டனார் சுண்ணாம்புக் கல் ஏற்றிய வண்டியோடு மலைக்குப் போனவர். வண்டியும் மாடும் திரும்பின, அவர் திரும்பவில்லை. ஆண்டுதோறும் அவருக்குப் படையல் போட்டதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர் பெயரைக் கேட்டறிய இவ்வாண்டு உறவினர் வீடுகள் ஏழுக்குச் சென்றேன். ‘மலைக்குப் போன தாத்தா’ என்றே ஏழு வீட்டிலும் சொன்னார்கள்.